எஜமானியோடு லண்டன் பயணமா?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் ரியாதிலும் குவைத்திலும் வெயில் தாங்க முடியாது. பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறையும் அப்போதுதான். வசதியுள்ள அறபுக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு லண்டன், பாரிஸ், ஜெனீவா என்று புறப்பட்டு விடுகின்றன. குடும்பம் போனால் குழந்தையைத் தூக்கவும், வயதான பெரியம்மாவைக் கவனிக்கவும், உடுப்புகளை மினுக்கவும் ஆள் வேண்டுமே. இப்படித்தான் மூதூரிலோ கிண்ணியாவிலோ புத்தளத்திலோ இருக்கும் ஒரு வீட்டுக்குக் கைத்தொலைபேசியில் செய்தி வந்து சேர்கிறது: “உம்மா, மெடம் என்னையும் லண்டனுக்குக் கூட்டிட்டுப் போறாவாம்.”

வீட்டில் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அயல் வீட்டில் ஒருவர், “லண்டன் போனால் அப்படியே நின்று விடலாம்” என்பார். இன்னொருவர், “போக விடாதீங்க, ஆளையே காணக் கிடைக்காது” என்பார். இரண்டு பேருக்கும் அந்த விசா என்னவென்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் அந்தச் சகோதரி. அவர் கேட்கப் போவது உங்களிடம். ஆகவே இம்மாதம் அந்த விசாவைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்ப்போம். இதை வாசிக்கும் உங்களில் சிலர் வீட்டில் பணிப்பெண் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள். உங்களுக்குரிய விஷயமும் இதில் உண்டு.

முதலில் ஒரு வேடிக்கை. எஜமானுக்கு இப்பொழுது பிரித்தானியா போக விசாவே வேண்டியதில்லை. கட்டார் நாட்டவருக்கு 2023 நவம்பரிலும் சவூதி, குவைத், பஹ்ரைன், ஓமான், ஐக்கிய அறபு இராச்சிய நாட்டவருக்கு 2024 பெப்ரவரியிலும் புதிய ஏற்பாடு வந்தது. கைத்தொலைபேசியிலேயே ஒரு பயண அனுமதியைப் பெற்றுக்கொண்டு அவர்கள் விமானம் ஏறி விடலாம். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பணிப்பெண்ணுக்கோ முழு விசா வேண்டும். விண்ணப்பம், விரலடையாளம், புகைப்படம், ஆவணங்கள், அதன்பின் வழக்கமாக மூன்று கிழமை அளவில் முடிவு. எஜமானி திங்கட்கிழமை நினைத்து வியாழக்கிழமை பறக்க நினைப்பார். பணிப்பெண்ணின் விசாவோ நகராது. இந்த அவசரத்திலிருந்துதான் தவறான வேலைகள் பலவும் பிறக்கின்றன.

அவற்றில் முதலாவது, பணிப்பெண்ணைச் சாதாரண உல்லாசப் பயணி என்றோ குடும்ப உறவினர் என்றோ காட்டி விசா எடுப்பது. “இது சும்மா ஒரு மாதப் பயணம்தானே, எந்த விசா ஆனால் என்ன?” என்று மந்தூப் சொல்லக் கூடும். அப்படியல்ல. வருகையாளர் விசாவில் வீட்டு வேலை செய்ய பிரித்தானியச் சட்டம் இடம் தராது. விண்ணப்பத்தில் பொய் சொல்லப்பட்டிருப்பது பிடிபட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதோடு பத்து வருடம் வரை அந்நாட்டு விசா கிடைக்காமல் தடையும் விழலாம். தடை விழுவது எஜமானின் பெயரிலோ மந்தூபின் பெயரிலோ அல்ல. விண்ணப்பதாரி யாரோ அவரின் பெயரில். பணம் கட்டியவர் வேறு, படிவம் நிரப்பியவர் வேறு, கையொப்பமும் விரலடையாளமும் உங்கள் சகோதரியுடையவை.

சரியான விசாவுக்குப் பெயர், வெளிநாட்டு வீட்டுப் பணியாளர் விசா. சமையல், துப்புரவு, குழந்தை பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு, வாகனம் ஓட்டுதல் எல்லாம் இதில் அடங்கும். வயது 19 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன் ஆகக் குறைந்தது பன்னிரண்டு மாதங்களாவது அதே எஜமானிடம், அவர் குடியிருக்கும் அல்லது வழக்கமாகப் பாவிக்கும் வீட்டில், முழுநேர வேலை செய்திருக்க வேண்டும். எஜமானோடோ, அவருடைய மனைவி அல்லது கணவனோடோ, பிள்ளைகளோடோ சேர்ந்து பிரயாணம் செய்ய வேண்டும். எஜமான் அந்நாட்டுக்கு ஆறு மாதத்துக்கு மேற்படாத வருகைக்குச் செல்பவராக இருக்க வேண்டும். பணிப்பெண் தங்கக் கூடியதும் ஆறு மாதமே. அதை நீடிக்க முடியாது. பிரயாணத் திகதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

இந்தப் பன்னிரண்டு மாத நிபந்தனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். போய் ஐந்து மாதம் ஆன ஒருவரைக் கூட்டிச் செல்ல முடியாது. ஒரு வருடம் முடிந்திருந்தாலும் அதை நிரூபிக்க வேண்டும். எஜமானின் கடிதம் ஒன்று மட்டும் போதாது. அதனுடன் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குக் கூற்று, வேலை ஒப்பந்தம், அந்நாட்டு வதிவிட அனுமதி (இகாமா) போன்றவற்றையும் கேட்பார்கள். அறபு மொழியில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். சம்பளத்தைக் கையில் வாங்கும் ஒருவரிடம் இவற்றில் என்ன இருக்கப் போகிறது? சவூதியில் 2024ஆம் ஆண்டிலிருந்து வீட்டுப் பணியாளரின் சம்பளத்தையும் படிப்படியாக வங்கி வழியாகச் செலுத்தும் முறைக்குக் கொண்டு வந்தார்கள். அப்படிக் கணக்குத் திறக்கப்பட்டிருந்தால் அதன் கூற்றுகளைச் சகோதரி தன் கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ளட்டும். விசாவுக்கு மட்டுமல்ல, ஊருக்குத் திரும்பும் நாளில் நிலுவைச் சம்பளம் கேட்கவும் அதுதான் சாட்சி.

இனி, இந்த விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான தாளுக்கு வருவோம். எஜமானும் பணிப்பெண்ணும் இருவரும் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டிய வேலை நிபந்தனைக் கூற்று அது. என்ன வேலை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எவ்வளவு சம்பளம், லீவு எத்தனை, தூங்கும் இடம் எது என்பதெல்லாம் அதில் எழுதப்படும். பிரித்தானியாவின் ஆகக் குறைந்த சம்பளச் சட்டத்தின்படி கொடுப்பேன் என்று எஜமான் உறுதி கூறுவதும் அதில்தான்.

அந்த ஆகக் குறைந்த சம்பளம் எவ்வளவு தெரியுமா? 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு மணித்தியாலத்துக்கு 12.21 பவுண் என்று நிர்ணயித்தார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் இது மாறும். கிழமைக்கு 40 மணித்தியாலம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். 488 பவுணும் சில்லறையும் வரும். இருக்க இடம் கொடுப்பதற்காக எஜமான் நாளொன்றுக்கு 10.66 பவுண் கழிக்கலாம். அதுவும் 2025ஆம் ஆண்டுக் கணக்கு. சாப்பாட்டுக்கென்று கழித்து ஆகக் குறைந்த சம்பளத்துக்குக் கீழே இறக்க முடியாது. இருப்பிடத்துக்குக் கழித்த பிறகும் கிழமைக்கு 413 பவுண் மிஞ்ச வேண்டும். வளைகுடாவில் மாதம் ஆயிரம் ரியால் வாங்கும் ஒரு சகோதரிக்கு அது ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம், ஒரே கிழமையில்!

முன்பெல்லாம் எஜமான்மாருக்கு இதில் ஒரு சந்து இருந்தது. “இவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி, எங்களோடுதான் சாப்பிடுகிறாள், எங்களோடுதான் இருக்கிறாள்” என்று காட்டினால் ஆகக் குறைந்த சம்பளச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைத்து வந்தது. 2024 ஏப்ரல் 1ஆம் திகதியோடு அந்த விலக்கை எடுத்து விட்டார்கள். குடும்பத்தில் ஒருத்தி போல வைத்திருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் குடும்பத்தில் ஒருத்தி என்று சொல்லப்படுபவள் மட்டும் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, நள்ளிரவில் எல்லோரும் படுத்த பின் பாத்திரம் கழுவுகிறாள் என்பதை நம் ஊர் வீடுகளிலும் கண்டுதானே இருக்கிறோம்.

நடைமுறையில் நடப்பது என்ன? படிவத்தில் பவுண் கணக்கில் ஒரு தொகை எழுதப்படும். கையில் கிடைப்பது வழக்கமான ரியால்தான். “அது விசாவுக்கு எழுதியது, உனக்குரியது வேறு” என்று விளக்கமும் சொல்லப்படும். சகோதரி கையொப்பமிட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதே அவருக்குத் தெரியாமற் போவதால்தான் இது நடக்கிறது. ஆகவே கையொப்பமிடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் படம் எடுத்து ஊருக்கு அனுப்பி, படித்த ஒரு பிள்ளையிடம் வாசித்துக் கேளுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் மெடம் கோபிப்பாவோ என்ற பயம் எனக்கு விளங்காமல் இல்லை. “இன்டர்வியூவில் கேட்டால் நான் சரியாகச் சொல்ல வேணுமே, என்ன எழுதியிருக்கு என்று காட்டுங்க மெடம்” என்று கேட்டுப் பாருங்கள். இது தந்திரமும் அல்ல, பொய்யும் அல்ல. விசா உத்தியோகத்தர் உண்மையாகவே கேட்கக் கூடிய கேள்விதான் அது.

நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டால் பயப்பட வேண்டாம். எஜமானி பக்கத்தில் இல்லாமல் தனியாகப் பேச வைப்பது சகோதரியின் நன்மைக்காகத்தான். சம்பளம் எவ்வளவு, எங்கே தூங்குகிறீர்கள், கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது, போக விருப்பமா என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒப்புவிக்கப் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் தகவல் தாளை மட்டும் பைக்குள் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு ஒப்பந்தம் வைத்திருப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. 2013 டிசம்பரில் நியூயோர்க்கில் இந்தியத் துணைக் கொன்சல் ஜெனரலாக இருந்த தேவயானி கோப்ரகடே கைது செய்யப்பட்டார். வீட்டுப் பணிப்பெண்ணின் விசாவுக்காகக் கொடுத்த ஒப்பந்தத்தில் மணிக்கு 9.75 டொலர் என்று காட்டிவிட்டு, மாதம் முப்பதாயிரம் இந்திய ரூபாய் என்று வேறோர் ஒப்பந்தம் செய்திருந்தார் என்பதுதான் அரச வழக்குத் தொடுநரின் குற்றச்சாட்டு. கணக்குப் பார்த்தால் அது மணிக்கு மூன்று டொலர் சொச்சம். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். இரு நாடுகளுக்குமிடையில் பெரிய மனக்கசப்பே உண்டாகி, 2014 ஜனவரியில் அவர் இராஜதந்திர விலக்குரிமையுடன் நாடு திரும்பினார். செய்தித்தாள்கள் எல்லாம் அந்த அம்மணியை எப்படிக் கைது செய்தார்கள், எப்படிச் சோதனையிட்டார்கள் என்பதைத்தான் பக்கம் பக்கமாக எழுதின. பணிப்பெண்ணின் சம்பளக் கணக்கு எங்கோ ஒரு மூலையில் கிடந்தது.

அமெரிக்காவுக்குரிய விசா இரண்டு வகை. இராஜதந்திரிகளின் வீட்டாருக்கு வேறு வகைகள். சாதாரணக் குடும்பத்தோடு செல்லும் பணிப்பெண்ணுக்கு பி-1 விசா. இங்கும் எழுத்து மூல ஒப்பந்தம் கட்டாயம். அந்த ஒப்பந்தத்தில் அமெரிக்கச் சட்டப்படியான சம்பளம், இலவச உணவும் இருப்பிடமும், கடவுச்சீட்டை எஜமான் எடுத்து வைத்துக்கொள்ளமாட்டார் என்ற வாக்குறுதி எல்லாம் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பின் வேலை அனுமதிக்கு வேறாக விண்ணப்பிக்கவும் வேண்டும். அங்கு கிறீன் கார்ட் உள்ளவர்கள் இந்த விசாவில் பணிப்பெண்ணைக் கூட்டிச் செல்ல முடியாது. 2008இல் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டத்தின்படி, வேலைக்குச் செல்பவரின் உரிமைகளைச் சொல்லும் சிறு பிரசுரம் ஒன்றைக் கொடுத்து, அது அவருக்கு விளங்கியதா என்று கேட்டறிவது விசா உத்தியோகத்தரின் கடமை. அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் பெயரைத்தான் அந்தச் சட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

பாரிஸ், ஜெனீவா போவதானால் ஷெங்கன் விசா. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். வேலை செய்யும் நாட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். வீட்டு வேலை செய்வதற்குரிய விதிகள் மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆகவே எந்த நாட்டுத் தூதரகமோ அங்கே முன்கூட்டிக் கேட்டே ஆக வேண்டும்.

இனி நம் வீடுகளின் பக்கம் கொஞ்சம் திரும்புவோம். மகள் லண்டனில் கல்யாணம் முடித்து இருக்கிறாள், பிள்ளைப்பேறு வருகிறது. உம்மா போகிறா, கூடவே வீட்டில் வேலைக்கு நிற்கும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் மகளிடம் விட்டு வரலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது. இந்த விசா, வருகையாளராகச் செல்லும் எஜமானோடு வேலைக்காரி செல்வதற்குரியது. அங்கேயே குடியிருக்கும் மகளோ மருமகனோ தமக்கு ஆள் எடுத்துக்கொள்வதற்கான வழி அல்ல. உம்மாவே எஜமானியாக, தனக்காகக் கூட்டிச் செல்வதானாலும் மேலே சொன்ன பன்னிரண்டு மாதக் கணக்கும் 19 வயதும் முழுநேர வேலையும் பவுண் சம்பளமும் அவருக்கும் பொருந்தும். மாதம் இருபத்தையாயிரமோ முப்பதாயிரமோ ரூபாய் கொடுத்து வைத்திருக்கும் ஒருவருக்குக் கிழமைக்கு நானூறு பவுணுக்கு மேல் கொடுக்க நமக்கு வசதி உண்டா? இல்லையென்றால், நாற்பது நாள் உதவிக்கு உம்மாவே போய்ச் சமைத்துக் கொடுப்பதுதான் வழி. அறபு எஜமான் செய்தால் அநியாயம், நாம் செய்தால் உதவி என்று கணக்கு வைக்க முடியாதல்லவா?

விசா கிடைத்து விட்டது, லண்டன் போய்ச் சேர்ந்தும் விட்டார் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அவருக்குக் கிழமையில் ஒரு முழுநாள் ஓய்வு உண்டு. அடிப்பதற்கோ, அறையில் பூட்டி வைப்பதற்கோ, சம்பளத்தைப் பிடித்து வைப்பதற்கோ எவருக்கும் உரிமையில்லை. ஊரில் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. அந்த எஜமானிடம் இருக்க முடியாவிட்டால் அவர் அந்த வீட்டை விட்டு வெளியேறி வேறொரு வீட்டில் வேலை தேடிக்கொள்ளலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விசாவில் மிஞ்சியிருக்கும் காலம் வரைக்கும்தான், அதுவும் வீட்டு வேலை மட்டும்தான். வளைகுடாவில் கபீலை விட்டுப் போனால் “ஓடிப்போனவள்” என்று பெயர் வைத்து விடுகிறார்களே, அந்தப் பயத்தோடு லண்டனுக்குப் போகும் ஒருவருக்கு இது பெரிய செய்தி.

இந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல. 1980களில் எஜமானோடு வந்த பணிப்பெண்கள் அந்த எஜமானோடேயே கட்டப்பட்டிருந்தார்கள். வீட்டை விட்டு வெளியேறினால் சட்டவிரோதமாக நாட்டில் இருப்பவர் ஆகிவிடுவார். அப்படித் தப்பி வந்தவர்களே, பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் பெண்கள், ஒன்றுகூடிக் குரல் எழுப்பினார்கள். அவர்களுக்குத் துணையாக 1987இல் லண்டனில் ‘கலயான்’ என்ற நிறுவனம் தோன்றியது. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு விடுதலை என்று பொருள். நீண்ட போராட்டத்தின் பின் 1998இல் எஜமானை மாற்றும் உரிமையும் விசாவைப் புதுப்பிக்கும் உரிமையும் கிடைத்தன. 2012 ஏப்ரலில் அரசாங்கம் இரண்டையும் பறித்து, விசாவை ஆறு மாதமாகச் சுருக்கியது. 2015இல் சட்டத்தரணி ஜேம்ஸ் யூவின்ஸ் அரசாங்கத்துக்காகச் செய்த ஆய்வில், எஜமானை மாற்றும் உரிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு இரண்டரை வருடம் வரை தங்கி வேலை செய்யவும் விட வேண்டும் என்று சொன்னார். 2016இல் அரசாங்கம் முதலாவதைக் கொடுத்தது. இரண்டாவதைக் கொடுக்கவில்லை.

இது அரைகுறை நீதி என்றே நான் சொல்வேன். யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதம் துன்பப்பட்டு வெளியேறுகிறார். மீதி நான்கு மாதம். ஊர் தெரியாது, கையில் சிபாரிசுக் கடிதம் இல்லை, கடவுச்சீட்டு ஹோட்டல் பெட்டகத்தில். நான்கு மாதத்துக்கு மட்டும் எந்த வீட்டுக்காரர் வேலை கொடுப்பார்? உரிமை என்று தாளில் இருப்பதைக் கையில் எடுத்துப் பாவிக்க முடியாத நிலை இது. ஆயினும், நவீன அடிமைத்தனத்துக்கு ஆளானவர் என்று அந்நாட்டு அதிகாரிகள் விசாரித்து முடிவு செய்தால் இரண்டு வருடம் வரை அங்கு வேலை செய்யும் அனுமதி கிடைக்க வழியுண்டு. “லண்டன் போனால் அப்படியே நின்று விடலாம்” என்று ஊரில் சொல்பவர்கள் இவற்றையெல்லாம் யோசித்துச் சொல்வதில்லை. ஆறு மாதம் முடிந்த மறுநாளிலிருந்து அவர் ஒளிந்து வாழ வேண்டியவர். கொடுத்த சம்பளத்தை வாங்க வேண்டியவர். எந்த வீட்டில் அடித்தாலும் பொலிசுக்குப் போகப் பயப்பட வேண்டியவர்.

எஜமான் தூதரக உத்தியோகத்தராக இருந்தால்? அவர்களோடு செல்பவர்களுக்குரிய விசா வேறு. “அவர்களை ஒன்றும் செய்ய முடியாது, அவர்களுக்கு விலக்குரிமை இருக்கிறது” என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. 2022 ஜூலையில் பிரித்தானிய உயர்நீதிமன்றம் இதில் ஒரு முக்கிய தீர்ப்பைச் சொன்னது. லண்டனில் சவூதி இராஜதந்திரி ஒருவரின் வீட்டில் வேலை செய்த ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. பணிப்பெண்ணை அடிமைபோல் வைத்து வேலை வாங்கியதாகக் கூறப்பட்டது உண்மையானால், அது இலாபம் தேடும் ஒரு காரியம், அதற்கு இராஜதந்திர விலக்குரிமை கிடையாது என்று ஐந்து நீதியரசர்களில் மூவர் தீர்மானித்தார்கள். இருவர் மாறுபட்டார்கள். ஒரே ஒரு நீதியரசரின் வித்தியாசம்!

புறப்படும் முன் வீட்டார் செய்ய வேண்டியவை சில உண்டு. கடவுச்சீட்டின் முதற் பக்கம், விசா, இகாமா, கையொப்பமிட்ட நிபந்தனைக் கூற்று, விமானச் சீட்டு ஆகியவற்றின் படங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுக்கு, எந்த ஹோட்டலுக்கு அல்லது எந்த வீட்டுக்கு, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து சென்றவரானால் அவருடைய ஒப்பந்தம் குறிப்பிட்ட ஒரு நாட்டுக்குரியது. மூன்றாம் நாடொன்றுக்குக் கொண்டு செல்லப்படுவதை அந்நாட்டிலுள்ள நமது தூதரகத்துக்கோ பத்தரமுல்லையிலுள்ள பணியகத்துக்கோ அறிவித்து வைப்பது நல்லது. பணியகத்தின் துரித இலக்கம் 1989. அறிவித்ததால் பயணம் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆளைக் காணவில்லை என்று பிறகு ஓடித் திரிவதைவிட இது சுலபம்.

கடவுச்சீட்டு சகோதரியின் கையிலேயே இருக்க வேண்டும். குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம்கூட எஜமான் அதை எடுத்து வைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. சட்டம் ஒன்று, மெடத்தின் அலுமாரி வேறொன்று என்பதும் நமக்குத் தெரியும். விமான நிலையத்தில் குடிவரவு உத்தியோகத்தரிடம் அதைத் தன் கையாலேயே நீட்டட்டும். கேட்டு வாங்க முடியாமற் போனால் படமாவது கைத்தொலைபேசியில் இருக்கட்டும்.

லண்டனில் நமது உயர்ஸ்தானிகராலயம் ஹைட் பார்க் கார்டன்ஸ் 13ஆம் இலக்கத்தில் இருக்கிறது. வளைகுடாக் குடும்பங்கள் அதிகம் நடமாடும் எட்ஜ்வெயார் வீதியிலிருந்து நடந்தே போய்விடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. எந்தத் தொலைபேசியிலிருந்தும் காசில்லாமல் எடுக்கலாம். ஆங்கிலம் வராவிட்டால் “தமிழ்” என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரைத் தேடித் தருவார்கள். கலயான் நிறுவனத்தின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

திரும்பி வருவதைப் பற்றியும் புறப்படும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். சவூதியிலிருந்து செல்பவருக்கு வெளியேறித் திரும்பும் விசாவை எடுத்துக் கொடுப்பது கபீல்தான். 2021இல் அங்கு வந்த தொழிற் சீர்திருத்தங்கள் வீட்டுப் பணியாளரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தத் திரும்பும் விசாவின் கடைசித் திகதி என்ன என்று பாருங்கள். குடும்பம் லண்டனில் இன்னும் இரண்டு கிழமை நின்றுவிட்டு வருவோம் என்று முடிவு செய்தால் அந்தத் திகதி கடந்துவிடக் கூடும். அப்போது விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது எஜமானி அல்ல. ஒப்பந்தக் காலம் முடியும் தறுவாயில் இருப்பவர், லண்டனிலிருந்து நேரே கொழும்புக்கு வர விரும்பினால் அந்த விமானச் சீட்டை யார் எடுப்பது, நிலுவைச் சம்பளத்தை எங்கே வைத்துக் கொடுப்பது, ரியாதில் விட்டு வந்த பெட்டியும் நகையும் எப்படி வந்து சேரும் என்பதையும் விசா விண்ணப்பத்துக்குக் கையொப்பம் வைக்கும் அன்றே கேட்டு விடச் சொல்லுங்கள். எஜமானிக்கு அவர் தேவைப்படுவது அன்றைக்குத்தான்.